எதிர் எடை

மூன்றாம் சரிவில் இன்ஜின் கிடையாது.
மேட்டில் ஒரு பெரிய சக்கரம், அதைச் சுற்றிக் கம்பிவடம்,
வடத்தின் இரு நுனியிலும் வண்டி.
தேக்கு ஏற்றியது இறங்கும்.
இறங்குகிற கனத்துக்குக்
காலி வண்டி தானாக ஏறிவரும்.
பிரேக்கைப் பிடிக்க ஆறுக்குட்டி,
எழுதிவைக்க நான்.

எனக்கு ஊர் பொள்ளாச்சி.
பரம்பிக்குளம் காட்டு டிராமில்
எடைக் குமாஸ்தா.
ஐம்பத்தொன்றிலிருந்தே மூடப்போகிறார்கள்.
கமிட்டி வரும், குடைபிடித்தபடி டிராலியில் போகும்,
அட்டை கடித்த காலைச் சொறிந்துகொண்டே
நஷ்டம் என்று எழுதும்.
எழுதிய காகிதம்
சாலக்குடிக்குப் போவதும்
அதே டிராமில்தான்.

அப்படிப் பன்னிரண்டு வருஷம்.

முதலில் மரம் குறைந்தது. பிறகு லாரி வந்தது,
ரோடு என்று நாங்கள் ஒப்புக்கொள்ளாத ஒரு ரோட்டில்.
ஐம்பத்தேழு ஆடியில்
இறக்குவதற்கு ஒன்பது நாளாக
ஒரு கட்டைகூட இல்லை.
அடிவாரத்தில் அரிசி நனைந்துகொண்டிருந்தது,
உப்பு, மண்ணெண்ணெய், எங்கள் சம்பளப் பெட்டி எல்லாம்.
மேலிருந்து ஒன்று இறங்காமல்
கீழிருந்து ஒன்று ஏறாது.
இதை எந்தக் கமிட்டிக்கும்
எங்களால் விளக்க முடிந்ததில்லை.

ஆறுக்குட்டிதான் சொன்னான்:
"கல்ல ஏத்துங்க சார்."

மூட்டை அரிசிக்கு
ஒன்றேகால் மூட்டை கல்.
மலையை இறக்கிச்
சோற்றை ஏற்றினோம்.

சரக்கு என்ற கட்டத்தில்
'கல்' என்று எழுதினேன்.
பெறுபவர் என்ற கட்டத்தை
ஒரு வாரம் காலியாக விட்டிருந்து
'அடிவாரம்' என்று எழுதினேன்.
திருச்சூரிலிருந்து வந்த ஆடிட்டர் பொதுவாள்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:
"இது ஆருடெ கல்லாணு?"
சர்க்காருடையது என்றேன்.
"எங்கில் கூலி ஆரு தரும்?"
அந்தக் கல்கூலி
கடைசிவரை
என் பேரில் பாக்கி நின்றது.

மலசர் குடியிருப்பு வெள்ளச்சி
பிரசவத்துக்கு இறங்கிய அன்று
எதிரே ஏறவேண்டியது நான்கு மூட்டை உப்பு.
எடை போதவில்லை.
அவள் புருஷனை ஏற்றினான் ஆறுக்குட்டி.
அப்புறம் என்னை, ரிஜிஸ்டரோடு.
நடுச்சரிவில் உப்பு எங்களைத் தாண்டி மேலே போயிற்று.
வலிக்கு நடுவில் அவள் சிரித்தாள்:
"நம்மள விட அது சொகுசாப் போவுது பாரு."

இருபது நாள் கழித்து
பிள்ளையோடு ஏறிவந்தாள்.
தாய்க்குக் கணக்கிட்ட கல்லே போதும்தான்.
ஆனாலும் பிள்ளைக்கென்று
உள்ளங்கையளவு ஒன்றை
ஆறுக்குட்டி தூக்கிப் போட்டான்.
அதை நான் எழுதவில்லை.

அறுபத்திமூன்றில் உத்தரவு வந்தது.
வந்ததும், எத்தனையோ வருஷமாக இல்லாத சரக்கு!
காட்டின் உட்கோடியிலிருந்து
பெயர்த்துப் பெயர்த்து வந்த தண்டவாளம்.
கனத்துக்குக் குறைவில்லை.
கல் தேடி யாரும் போகவேண்டியிருக்கவில்லை.
அந்த மாதம்தான்
நாங்கள் லாபம் காட்டினோம்.

கடைசிக் கட்டு இறங்கியது.
அதன் கனத்துக்கு
வழக்கம்போலக் காலி வண்டி மேலே வந்து நின்றது.
வடத்தை அறுத்தார்கள்.
வண்டியை யாரும் கேட்கவில்லை.
ஆறுக்குட்டி பிரேக்கிலிருந்து
கையை எடுக்கச் சற்று நேரமாயிற்று.

நடந்தே இறங்கினோம்.
அடிவாரத்தில் ஆறு வருஷக் கல்
ஆள் உயரத்துக்கு மேல் குவிந்து கிடந்தது.
அளந்துகொண்டிருந்தார் ஒரு காண்ட்ராக்டர்.
ஜல்லிக்கு ஏலம் எடுத்திருக்கிறாராம்.
எதற்கு என்று கேட்டேன்.
லாரி ரோட்டுக்கு என்றார்.

ரிஜிஸ்டரை முழங்காலில் வைத்துப்
பெறுபவர் கட்டத்தைத்
தேதி தேதியாகத் திருத்தத் தொடங்கினேன்.